சொல்லும் தண்ணீரும் ஒரே ஆளிடமிருந்து

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. இரவு இரண்டு மணி. "பார்ப்போம்" என்கிறார் டொக்டர். அந்தச் சொல்லின் பாரம் வீட்டாருக்கு விளங்கிவிடுகிறது. குரு, அதாவது சுவாமி, வரும்வரை பொறுக்க நேரமில்லை. இப்போது யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்? யாரும் கொடுக்கலாம் என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் பதில். தகப்பன் கொடுக்கலாம், அம்மம்மா கொடுக்கலாம், பக்கத்தில் நிற்கும் தாதி கொடுக்கலாம். அந்தத் தாதி சைவமோ பௌத்தமோ, அதனால் குறையில்லை. திருச்சபை எதைச் செய்கிறதோ அதையே தானும் செய்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு இருந்தால் போதும்.

ஆள் விஷயத்தில் இவ்வளவு தாராளம். பொருளிலும் சொல்லிலும் ஒரு இம்மியும் இளக்கம் கிடையாது. தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போத்தல் தண்ணீர் எதுவும் ஆகும். தீர்த்தமாக இருக்க வேண்டியதில்லை. இளநீர், பால், சோடா ஆகாது. தலையில் ஊற்றிக்கொண்டே பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற பழைய சொற்களும் அதே வலுவுள்ளவைதான். மூன்று முறை ஊற்றுவது வழக்கம். தண்ணீர் தோலில் ஓட வேண்டும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் சந்தேகம் வந்துவிடும். தொப்பியிலோ தலைமயிரிலோ தேங்கி நின்றாலும் அப்படித்தான். குறைமாதப் பிள்ளைக்குத் தாதியிடம் கேட்டுக் கிருமி நீக்கிய தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து நெற்றியில் சில துளி ஓடவிட்டாலே நிறைவு. இன்னொன்று, பதற்றத்தில் அதிகம் பிழைப்பது: ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் வார்த்தையைச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வர வேண்டும்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தால் பங்குத்தந்தைக்கு அறிவித்துப் பதிவேட்டில் எழுதுவிக்க வேண்டும். கோயிலில் மிச்சச் சடங்குகள், அதாவது எண்ணெய் பூசுதல், வெள்ளாடை, மெழுகுதிரி, செய்யப்படும். தண்ணீர் மட்டும் மறுபடி ஊற்றப்படாது. பிள்ளை முன்பே இறந்துவிட்டிருந்தால் ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் முதலான ஏழு அருட்சாதனங்களும் உயிரோடிருப்பவர்களுக்கே. ஆனால் பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த பிள்ளைக்குக் கோயில் முறைப்படி அடக்கம் செய்ய ஆயர் அனுமதி தரலாம். இதைக் கேட்டாலே தருவார்கள், கேட்காமல் குமைந்துகொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

பழைய ஞானோபதேசப் புத்தகத்தில் இந்த அருட்சாதனங்களுக்குப் பெயர் தேவதிரவிய அனுமானங்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், தேவநற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைபூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என்று அம்மம்மாமார் மூச்சுவிடாமல் சொல்வார்கள். இன்றைக்குத் திருவருட்சாதனங்கள் என்கிறோம். ஏழு என்ற எண்ணைத் திரெந்துச் சங்கம் 1547இல் வரையறுத்து உறுதி செய்தது. கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள், காதுக்குக் கேட்கும் ஒரு சொல், அவற்றினூடாகக் கண்ணுக்குத் தெரியாத அருள். இலக்கணம் இவ்வளவுதான். கறார் ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

4ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் ஒரு பெரிய சண்டை. துன்புறுத்தலுக்குப் பயந்து விசுவாசத்தை விட்டுக்கொடுத்த ஆயர்கள் செய்த அருட்சாதனங்கள் செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள். செல்லும் என்றார் அங்கேயே ஆயராக இருந்த புனித அகுஸ்தீனார். கொடுப்பவர் கிறிஸ்து, குருவின் கை வெறும் வாய்க்கால் என்பது அவர் வாதம். திருச்சபை அவர் பக்கமே நின்றது. நமக்கு அதன் பலன் பெரியது. பூசை வைக்கும் சுவாமி உள்ளுக்குள் எப்படிப்பட்டவர் என்று கடைசி வாங்கிலில் இருக்கும் கிழவி ஆராயத் தேவையில்லை. அப்பம் கோதுமையா, இரசம் திராட்சையா, சொல் சரியா என்று பார்த்தால் போதும். குருவின் புண்ணியத்தில் தொங்க வேண்டியதை அப்பத்திலும் வார்த்தையிலும் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆகவே குரு தன் விருப்பத்துக்கு ஒரு சொல்லை மாற்றினால், அவர் பறிப்பது அந்தக் கிழவியின் நிம்மதியை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குரு பல ஆண்டுகளாக "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" திருமுழுக்கு அளிக்கிறோம் என்று சொல்லிவந்தது 2022இல் வெளியே வந்தது. "நாங்கள்" செல்லாது என்று உரோமை 2020இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் திரும்ப வந்து ஞானஸ்நானம் பெற வேண்டியதாயிற்று. ஞானஸ்நானம் செல்லாவிட்டால் அதன்மேல் கட்டிய உறுதிபூசுதலும் செல்லாது, குருப்பட்டமும் செல்லாது. ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்று சிரிப்பவர்கள், காணி உறுதியில் ஒரு எழுத்துப் பிழைத்தால் என்ன நடக்கிறது என்று நொத்தாரிசுவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நம் இலங்கையிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரை முற்றாகத் துரத்திய பின், கத்தோலிக்கக் குருக்கள் தடை செய்யப்பட்டார்கள். 1687இல் யோசேவாஸ் அடிகள் என்ற கத்தோலிக்கக் குரு கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறத்தாழ 30 ஆண்டுகள். குரு இல்லாமலும் நிற்கக்கூடிய அருட்சாதனங்கள் இரண்டே: ஞானஸ்நானமும் கலியாணமும். ஒல்லாந்தர் தோம்பு என்ற தங்கள் பதிவேடுகளில் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் எழுதிவைத்தார்கள். அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையில் தண்ணீராலும் மூவொரு இறைவன் பெயராலும் பெற்ற ஞானஸ்நானத்தையும் கத்தோலிக்கம் செல்லும் என்றே கொள்கிறது. இன்று அங்கிலிக்கன், மெதடிஸ்தர் யாராவது கத்தோலிக்கராக வந்தாலும் மறு ஞானஸ்நானம் இல்லை. இயேசுவின் பெயரால் மட்டும் கொடுக்கும் சபையிலிருந்து வந்தால் கதை வேறு. கொடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் ஆராய்ந்தும் தீராவிட்டால், "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்று தொடங்கி நிபந்தனையோடு கொடுக்க வழியிருக்கிறது.

சாதாரண காலத்துக்கு வருவோம். பிள்ளை பிறந்த முதல் வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டுச் சித்தப்பா லீவு எடுத்து வரும்வரை ஒன்றரை வருடம் தள்ளிப்போடுவது கொழும்பு வழக்கம். ஞானத்தாய், ஞானத்தகப்பன் தெரிவில்தான் மனஸ்தாபங்கள் தொடங்கும். ஒருவர் போதும். இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். 16 வயது நிரம்பி, உறுதிபூசுதலும் நன்மையும் (நற்கருணையும்) பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாய் தகப்பன் ஆக முடியாது. பம்பலப்பிட்டியில் கூடவே வளர்ந்த சைவ நண்பர் எவ்வளவு நல்லவரானாலும் ஞானத்தகப்பன் இல்லை. அங்கிலிக்கன் மாமா, ஒரு கத்தோலிக்க ஞானத்தாயோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். இதை முதலே சுவாமியிடம் கேட்டுவிட்டால், கேக் வெட்டும் நாளில் முகம் சுளிக்க வேண்டி வராது.

நற்கருணை அப்பத்துக்குக் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். அரிசி மா, குரக்கன் மா, சீனி, தேன் எதுவும் சேரக் கூடாது. இரசம் திராட்சையிலிருந்து வந்ததாக, புளித்துக் காடியாகாததாக இருக்க வேண்டும். அதில் சில துளி தண்ணீர் கலப்பார்கள். கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்களுக்கு அந்தப் புரதம் மிகக் குறைந்த அப்பம் செல்லும். முழுவதும் நீக்கியது செல்லாது. அதையும் தாங்காதவர் இரசத்தை மட்டும் வாங்கலாம். அதற்குத் தனிப் பாத்திரம் வேண்டும் என்பதால் பூசைக்கு முன்பே உபதேசியாரிடம் சொல்லிவைக்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் அப்பம் விரைவில் பதமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். நற்கருணைப் பேழையில் உள்ளதை அடிக்கடி மாற்றச் சொல்லும் சட்டம் இங்கே வெறும் எழுத்தில்லை.

நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உபவாசம். கணக்கு பூசை தொடங்கும் நேரத்துக்கல்ல, நன்மை வாங்கும் நேரத்துக்கு. ஏழு மணிப் பூசையில் நன்மை ஏழே முக்காலுக்கு என்றால், ஆறே முக்காலுக்கு முன் குடித்த தேத்தண்ணி தடையில்லை. தண்ணீரும் மருந்தும் எப்போதும் கணக்கில் இல்லை. முதியவர், நோயாளி, அவர்களைப் பராமரிப்பவர் யாருக்கும் இந்த ஒரு மணி நேரக் கட்டு இல்லை. நீரிழிவுக்கு மாத்திரை போட்டுவிட்டு வயிற்றைக் காயவைத்து வந்து மயங்கி விழும் பாட்டிமாருக்கு இதை யாராவது பீடத்திலிருந்தே சொன்னால் நல்லது.

கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். மெழுகுதிரி, ஆசீர்வாதம், தீர்த்தம் எல்லாம் எல்லோருக்கும் பொது. இவை அருட்சாதனங்கள் அல்ல. பெறுபவரின் செபத்துக்கும் மனதுக்கும் துணைநிற்பவை, அவ்வளவுதான். நற்கருணை வரிசை அந்த வரிசையல்ல. தெரியாமல் வந்து நிற்கும் சைவ அன்பரைச் சிடுசிடுக்காமல் விலக்கிவிடுவது, முன்வாங்கில் இருப்பவர்களுக்கே உள்ள பொறுப்பு.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் கோயில்களில் பொதுப் பூசை நிறுத்தப்பட்டு, அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, கொழும்புக் கத்தோலிக்கர் தொலைக்காட்சியில் பூசை கண்டார்கள். அடுத்த வருடம் கொரோனா. இரண்டு தடவையும் எழுந்த கேள்வி ஒன்றே: திரையில் கண்டால் பூசை கண்டதாகுமா? செபமாகும், ஆறுதலாகும். ஆசையால் நன்மை வாங்கலாம். அருட்சாதனம் ஆகாது. அது உடம்பு வந்து நிற்க வேண்டிய காரியம். பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தை ஃபோனில் செய்ய முடியாததும் இதனால்தான்.

பாவசங்கீர்த்தனத்தில் கனமான பாவங்களை வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். "எல்லாப் பாவமும் செய்திருக்கிறேன் சுவாமி" என்பது தாழ்ச்சியாகத் தோன்றினாலும் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். மருமகளின் பாவங்களை விவரமாக எடுத்துரைப்பது இன்னொரு வகை. அதற்கு மன்னிப்பு மருமகள்தான் வந்து கேட்க வேண்டும். ஒரு கனமான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் முழுச் சங்கீர்த்தனமும் கெடும். மறந்துபோனால் கெடாது, அடுத்த முறை சொன்னால் சரி. கொழும்பில் தமிழில் கேட்கும் சுவாமி எப்போதும் அகப்படமாட்டார். மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்ல உரிமை உண்டு, அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். குரு அந்த இரகசியத்தை நேரடியாக மீறினால் அக்கணமே திருச்சபைத் தொடர்பிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்தில் வரிசை வாசல்வரை நீளும், ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். மனதில் பாரமுள்ளவர் சாதாரண வார நாளில் நேரம் கேட்டுப் போவது புத்தி.

எண்ணெய் மூன்று வகை. பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்துப் பங்குகளுக்குச் சின்னப் போத்தல்களில் கொடுத்துவிடுவார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வோருக்கு ஒன்று, நோயாளருக்கு ஒன்று, மூன்றாவது கிறிஸ்மா. கிறிஸ்மாவில் மட்டும் வாசனைத் தைலம் கலந்திருக்கும். போத்தலின் எழுத்து அழிந்திருந்தால் மணந்து பார்த்தே பிரிக்கலாம். ஒலிவ எண்ணெய் வழக்கம், வேறு தாவர எண்ணெயும் செல்லும். உறுதிபூசுதலுக்குக் கிறிஸ்மாதான் வேண்டும், சாதாரணமாக ஆயர்தான் வருவார். மரண ஆபத்தில் எந்தக் குருவும் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் இளம்பிள்ளைக்கு உறுதிபூசுதல் ஆகவில்லை என்றால் வந்த சுவாமியிடம் சொல்லுங்கள். பலருக்கு இந்த வழி இருப்பதே தெரியாது.

நோயாளர் பூசுதலைக் கெடுத்தது அவஸ்தை என்ற பெயர்தான். சாகும்போது பூசுவது என்று வீட்டார் நினைக்கிறார்கள். சுவாமியைக் கண்டால் அப்பா பயந்துவிடுவார் என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகு ஃபோன் எடுக்கிறார்கள். அப்போது பூசலாம், ஆனால் பாவசங்கீர்த்தனமும் வழியுணவும் (கடைசி நேரத்து நற்கருணையும்) கைநழுவிவிடும். சரியான ஒழுங்கு: முதலில் சங்கீர்த்தனம், பிறகு பூசுதல், கடைசியில் நற்கருணை. கடுமையான நோய் தொடங்கும்போதே கேட்கலாம். பாரிய சத்திரசிகிச்சைக்கு முன் கேட்கலாம், முதுமையால் தளர்ந்தவரும் கேட்கலாம். தேறி மறுபடி விழுந்தால் மறுபடியும் பூசலாம். 1972க்கு முன் கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று பூசினார்கள். இப்போது நெற்றியும் இரு கைகளும். குரு மட்டுமே செய்யலாம், திருத்தொண்டரால் முடியாது. இறந்துவிட்டாரா என்று சந்தேகம் இருந்தால் பூசலாம். இறந்தது உறுதியானால் செபம் மட்டும்.

சுவாமியை அழைக்கும்போது சொல்ல வேண்டியவை: வார்ட் இலக்கம், கட்டில் டிக்கட்டில் உள்ளபடி நோயாளியின் பெயர், நினைவு இருக்கிறதா, விழுங்க முடியுமா. "மேரி அன்ரி" என்று மட்டும் சொன்னால் பெரிய வைத்தியசாலையில் அவர் தேடியே களைத்துவிடுவார். வீட்டில் என்றால் சிறு மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர். ஒட்சிசன் போட்டிருந்தால் மெழுகுதிரியைக் கொளுத்தவே கூடாது. விழுங்கக் கஷ்டமென்றால் அப்பத்தின் மிகச் சிறு துண்டைத் தண்ணீரோடு கொடுப்பார்கள். வாந்தி நிற்காதவருக்குக் கொடுக்க மாட்டார்கள், கோபிக்க வேண்டாம்.

குருத்துவம் பெரும்பாலானோர் வாழ்வில் பார்க்க மட்டும் கிடைப்பது. பட்டம் கொடுக்கும் பூசையில் எண்ணெய் பூசுவதையும் பாத்திரம் கையளிப்பதையும் படம் பிடிப்பார்கள். உண்மையில் பட்டம் ஏறுவது, ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் தலையில் கை வைத்து, பிறகு அர்ச்சிப்பு மன்றாட்டைச் சொல்லும்போது. 1947இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதைத் தெளிவாக்கினார்.

கலியாணத்துக்கு வந்தால்தான் கொழும்பில் உண்மையான சிக்கல். இதில் அருட்சாதனத்தைக் கொடுப்பவர் சுவாமியல்ல, மாப்பிள்ளையும் பொம்பிளையுமே ஒருவருக்கொருவர் கொடுக்கிறார்கள். பொருளும் சொல்லும் அவர்களுடைய சம்மதம்தான். சிலுவையோ புறாவோ பொறித்த தாலி அழகு, ஆனால் கலியாணத்தை ஆக்குவது தாலியல்ல. சுவாமியும் இரு சாட்சிகளும் சட்டம் கேட்கும் முறைக்காக நிற்பவர்கள். சுவாமியே கிடைக்காத காலம் தவிர, அந்த முறை இல்லாவிட்டால் கத்தோலிக்கருக்குக் கலியாணம் செல்லாது. விசாவுக்காக முதலில் எழுத்தை, அதாவது அரசாங்கப் பதிவை, முடித்துவிட்டு, கோயிலை ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம் என்று சேர்ந்து வாழத் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அரசாங்கத்துக்கு எழுத்து கலியாணம், திருச்சபைக்கு அது ஒரு காகிதம்.

அடுத்தது மச்சாள். மாமன் மகளும் அத்தை மகனும் நம் ஊரில் உரிமை, திருச்சபைச் சட்டத்தில் தடை. படி எண்ணும் விதம் இது: பொதுவான பேரனாரை விட்டுவிட்டு, இரண்டு கிளைகளிலும் உள்ள ஆட்களை எண்ண வேண்டும். நீங்கள், உங்கள் அம்மா, மாமா, மாமா மகள். நாலு. நாலாம் படிவரை தடை. ஆயரிடம் விலக்குப் பெறலாம், சாதாரணமாகக் கிடைக்கும், ஆனால் பெறாமல் கட்டினால் கலியாணம் செல்லாது. இரண்டாம் தலைமுறை மச்சாள் ஆறாம் படி, 1983 சட்டத்துக்குப் பிறகு அதற்கு விலக்குத் தேவையில்லை. ஞானத்தகப்பனுக்கும் ஞானப்பிள்ளைக்கும் இருந்த தடையும் அந்தச் சட்டத்தோடு போயிற்று.

சைவ வீட்டுப் பிள்ளையைக் கட்டுவதற்கும் விலக்கு வேண்டும். வாக்குறுதி கொடுப்பவர் கத்தோலிக்கர்: விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னாலானதைச் செய்வேன் என்று. மற்றவருக்கு அது தெரிவிக்கப்படும், அவர் கையெழுத்தோ மதமாற்றமோ கேட்கப்படாது. "வேதத்துக்கு வந்தால்தான் கட்டலாம்" என்று பயமுறுத்தும் பெரியம்மாவுக்குச் சட்டத்தில் இடமில்லை. விலக்கோடு நடந்தது செல்லும் கலியாணம், ஆனால் அருட்சாதனம் அல்ல, இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தால்தான் அது அருட்சாதனம். காலையில் கோயில், பின்னேரம் மண்டபத்தில் ஐயர் என்று சம்மதத்தை இரண்டு தரம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. விருந்துக்கும் மாலைக்கும் தடையில்லை.

மூன்று நாலு மாதம் முன்பே பங்குக் காரியாலயத்துக்குப் போங்கள். ஓலை கூற (கலியாணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவிக்க) வேண்டும், ஆயத்த வகுப்பு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம் கேட்பார்கள். பெட்டியில் லாமினேட் செய்து வைத்திருக்கும் பழையது ஏன் போதாது என்று எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். காரணம், ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில்தான் பின்னால் நடக்கும் உறுதிபூசுதல், கலியாணம், குருப்பட்டம், துறவியரின் நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் குறிக்கப்படும். புதிய பத்திரம் அந்த ஓரத்தையும் பார்த்து எழுதப்படுவது, ஏற்கெனவே ஒரு கலியாணம் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று ஞானஸ்நானம் பெற்ற பங்கு எதுவோ அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். யுத்தத்தில் பதிவேடு அழிந்திருந்தால், ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்ட நம்பகமான ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது சட்டம். ஆகவே ஞானத்தாய் உயிரோடிருக்கும்போதே எழுதி வாங்கிவைப்பது நல்லது. மாப்பிள்ளை கனடா என்றால் அந்தப் பங்கின் கடிதங்கள் ஆயர் இல்லங்கள் வழியாகச் சுற்றி வரும், வாரக்கணக்கில் ஆகும்.

கலியாணம் முடிந்ததும், கட்டிய கோயில் உங்கள் ஞானஸ்நானக் கோயிலுக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம்தான் அதிகம் தவறிப்போவது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு ஃபோன் எடுத்து, பெயருக்கு நேரே ஓரத்தில் எழுதியாயிற்றா என்று கேளுங்கள். இல்லையென்றால் கலியாணப் பத்திரத்தின் பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.